பால் காய்ச்சிய படகு

நாற்றம் இல்லை. அதுதான் ஷர்மிளாவை முதலில் உறுத்தியது.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, இதே படகின் உள்ளறையில் ஒற்றை அடுப்பை வைத்துப் பால் காய்ச்சியிருந்தார்கள். படகு சேற்றில் ஒருக்களித்துக் கிடந்ததால் பால் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கமாகப் பொங்கி, அடுப்பை அணைத்து, தரைப்பலகைகளின் இடுக்கு வழியே கீழே இறங்கிவிட்டது. புதுமனையில் பொங்கின பாலைத் துணி போட்டுத் துடைக்கக் கூடாது என்று அவள் வீட்டுப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. அவளும் துடைக்கவில்லை. அப்புறம் மேல்மூடியைப் பூட்டிவிட்டுப் போயாயிற்று. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மே மாதத்து வெயில் படகை அவித்தது. திங்கட்கிழமை மூடியைத் திறக்கும் முன்பே துப்பட்டாவை மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அந்த வெயிலில் எருமைப்பால் என்ன கதி ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு கதியும் ஆகியிருக்கவில்லை. துப்பட்டாவை அவிழ்த்து மோந்து பார்த்தாள். பழைய மரம், தார், உப்பு, வெளியே டிராம்பே கழிமுகத்துச் சேறு, எல்லாம் இருந்தன. பால் மட்டும் இல்லை. மண்டியிட்டு ஒரு பலகையைத் தூக்கினாள். கீழே படகின் அடிவயிற்றில் தண்ணீர் தேங்குகிற குழி, பில்ஜ் என்பான் அவள் புருஷன் ஜெயகணேஷ். அதில் எண்ணெய் மினுங்கும் கறுப்புத் தண்ணீர் கொஞ்சம் கிடந்தது. பால் வழிந்த தடத்தில் இருந்த பழைய அழுக்கும் பாசியும் போய், மரம் வெளுப்பாக, ஈரமாக, நாய் நக்கின தட்டு போல இருந்தது.

"எலியா இருக்கும்," என்றான் ஜெயகணேஷ். "பம்பாய்ல எலி இல்லாத எடம் எங்கட்டி இருக்கு?"

நாற்றத்துக்கு முகம் சுளிக்கிற ஆள் இல்லை ஷர்மிளா. தாராவியில் பிறந்தவள். உப்புப் போட்ட பச்சைத்தோல் வண்டி வண்டியாக வந்து இறங்குகிற சந்தில் பாண்டி ஆடினவள். கல்யாணத்துக்கு முன்னால் பர்ஸ் தைக்கிற பட்டறையில், தோல் கட்டுமேல் உட்கார்ந்து வடாபாவ் தின்றவள். மழை வந்தால் சாக்கடை வீட்டுக்குள் வந்து விசாரித்துவிட்டுப் போகும் வாழ்க்கை. அப்படிப்பட்டவளுக்கு அந்த வெளுத்த மரத்தைப் பார்த்ததும் நாக்கின் அடியில் எச்சில் ஊறி, துப்ப வேண்டும் போல இருந்தது. ஏனென்று அவளுக்கே விளங்கவில்லை. பலகையை மூடிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

வேறு வழியும் இல்லை. தாராவியில் அவர்கள் வாடகைக்கு இருந்த கோலியை, அந்த ஒற்றை அறை வீட்டை, புதுக் கட்டடம் கட்ட இடிக்கப் போகிறார்கள். கீழே சொந்தமாக இடம் வைத்திருப்பவர்களுக்கு எங்காவது வீடு கிடைக்கும், மாடியில் வாடகைக்குக் கிடப்பவர்களுக்கு ஒரு கும்பிடு கூடக் கிடையாது. ஜெயகணேஷ் சான்பாடா, நெருள் என்று அலைந்து வாடகை கேட்டுவிட்டு முகம் தொங்கி வந்தான். துறைமுகத்து லாஞ்சுகளில் இன்ஜின் மெக்கானிக் அவன். ஒரு நாள் எவனோ பணக்காரன் கட்டி, எவனோ கைவிட்ட இந்தப் பாய்மரப் படகைப் பார்த்துவிட்டு வந்தான். மரம் உறுதி, பாய்மரம் முறியவில்லை, இரண்டு பேரும் குழந்தையும் கால்நீட்டிப் படுக்கலாம். "கடலுக்கு எவன் வாடகை கேப்பான்?" என்றான். அவள் சிரித்தாள். மறுநாள் அவனோடு வந்து பார்த்தபோது சிரிப்பு வரவில்லை, ஆசைதான் வந்தது. உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள, யாரும் வந்து காலி பண்ணு என்று சொல்ல முடியாத ஒரு கதவு. சின்ன வட்ட ஜன்னல்களுக்குத் திரைச்சீலை கூட மனசுக்குள் அளந்துவிட்டாள். கையில் இருந்ததெல்லாம் படகுக்குள் போயிற்று.

அதனால் சுரண்டினாள். அடியில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சேற்றில் முழங்கால் புதைய நின்று பெயர்த்தாள், பழைய பெயின்டை உரித்தாள், கக்கூஸ் குழாயில் அடைத்திருந்த பேர் தெரியாத கறுப்புக் கூழைக் கையை விட்டு அள்ளிக் கொட்டினாள். குமட்டினால் துப்பிவிட்டு மறுபடி கையை விட்டாள்.

குழந்தை கிருஷ்ணாவுக்கு ஏழு மாதம். அந்த நாட்களில் அவனைப் பக்கத்துக் கோலி ஃபர்ஸானாவிடம் விட்டுவிட்டு வந்தாள். மத்தியானம் ஆனால் மார் கல்லாகக் கட்டிக்கொள்ளும், பீய்ச்சாமல் முடியாது. தாய்ப்பாலைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது, கால்படக் கூடாது, எறும்பு தின்றால் மார் வற்றிவிடும், செடிக்கோ தண்ணீருக்கோதான் விட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வெளியே சேற்றில் ஆட்கள் வலை காயப்போட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்கள் நடுவே பால் பீய்ச்சின தம்ளரைத் தூக்கிக்கொண்டு போக வெட்கம். தண்ணீர் உள்ளேயே இருக்கிறதே என்று பலகையைத் தூக்கிப் பில்ஜில் ஊற்றினாள்.

பால் கலங்கவில்லை. கறுப்புத் தண்ணீருக்குள் வெள்ளை நூலாக இறங்கி, பாதியில் திரும்பி, படகின் முன்பக்கம் இருட்டுக்குள் நீண்டு போயிற்று. யாரோ அந்தப் பக்கம் இருந்து இழுக்கிற மாதிரி. பிறகு ஒரு சின்னச் சத்தம். க்ளுக்.

படகு என்றால் சத்தம் வரத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற பெண்ணுக்கு அந்தச் சத்தம் தெரியாமல் இருக்காது. இழு, இழு, நிறுத்து, விழுங்கு. அடுத்த நாளும் ஊற்றினாள், அதற்கு அடுத்த நாளும். வேறு எங்கே கொட்டுவது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பதில் தேடவில்லை.

அப்புறம் அவள் உடம்பு ஒரு புதுப் பழக்கம் பழகியது. படகில் கால் வைத்ததும், பலகை ஒரு தடவை முனகினதும், மார் தானாகச் சுரந்து ரவிக்கை நனைந்துவிடும். வீட்டில் பெற்ற பிள்ளை அழுதால் அப்படி ஆவது சரி. இங்கே யார் அழுதார்கள்? ஈரம் வயிற்றில் வழியும்போது தன் உடம்பே தனக்கு அசிங்கமாக இருந்தது. கூடவே மூடின படகுக்குள் அந்த வாடை தொடங்கியது. கக்கின பாலின் வாடை. புளிப்பும் இளஞ்சூடுமாக, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினால் வருமே, அதே வாடை. ஒரு குழந்தையும் இன்னும் காலெடுத்து வைக்காத இடத்தில். கிருஷ்ணாவின் கழுத்து மடிப்பில் அதே வாடையை மோந்து மோந்து கொஞ்சியிருக்கிறாள். இங்கே அது தொண்டைக்குள் விரலை விட்டது.

பலகை இடுக்குகளை அடைக்க கரீம் பாட்சா வந்தார். தூத்துக்குடிக்காரர், வயசு முழுக்கப் படகுகளில் போனவர். முறுக்கின பஞ்சை உளியால் இடுக்கில் திணித்து, மரச்சுத்தியலால் தட்டி, மேலே மக்குச் சாந்து பூசுவார். வெளிப்பக்கம் அடைத்துவிட்டு மறுநாள் காலையில் உள்ளே இறங்கினவர், குனிந்து தரையைக் காட்டினார். தரையில் பஞ்சு, உருண்டை உருண்டையாக, நனைந்து கிடந்தது.

"தண்ணி தள்ளியிருக்கும்லா பாய்?" என்றாள் ஷர்மிளா.

"தண்ணி தள்ளும், இல்லங்கல. மென்னுட்டா துப்பும்?"

ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். கொழகொழவென்று இருந்தது. அமுக்கின தடம் இரண்டு பக்கமும் வளைந்து ஓடியது. பல் தடம் இல்லை. பல் முளைக்காத ஈறின் தடம். அவள் அதை உதறிவிட்டுக் கையை மண்ணெண்ணெயில் கழுவினாள், பிறகு சோப்பு, பிறகு மறுபடி மண்ணெண்ணெய். திரும்பி வந்தபோது கரீம் பாட்சா கிளம்பியிருந்தார். உரண் துறைமுகத்தில் அவசர வேலை என்று ஜெயகணேஷிடம் சொன்னாராம். அவருடைய மரச்சுத்தியல் பலகைமேலேயே கிடந்தது. தொழில் செய்கிற மனுஷன் சுத்தியலை விட்டுவிட்டுப் போக மாட்டார். போன் போட்டால் எடுக்கவில்லை. மிச்ச இடுக்குகளை ஜெயகணேஷே அடைத்தான், இந்தத் தடவை பஞ்சோடு ஏதோ பசையும் வைத்து.

கோலிக்குக் கரண்ட்டை வெட்டினார்கள். ஃபர்ஸானா குடும்பம் மும்ப்ராவுக்குப் போயிற்று. பாத்திரம், துணி, கிருஷ்ணா எல்லாம் படகுக்கு வந்தாயிற்று.

அவன் அழவே இல்லை. அவள் வேலை செய்கையில் தரைப்பலகைமேல் போர்வை விரித்துப் போடுவாள், அவன் நழுவிப் போர்வைக்கு வெளியே போய்க் குப்புறப் படுத்து, முகத்தை இடுக்கில் புதைத்துக்கொண்டு சமர்த்தாகத் தூங்குவான். "பாரு, என் மவனுக்குக் கப்பல்காரன் ரத்தம்," என்று ஜெயகணேஷுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் மாரில் போட்டால் தலையைத் திருப்பிக்கொண்டான். முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். காம்பை உதட்டில் வைத்தாள். மூக்கைச் சுளித்தான். ஊசிப்போன சோற்றை மோந்து பார்க்கிற பெரிய மனுஷன் சுளிப்பது போல, தாய் என்கிற இரக்கமே இல்லாமல் சுளித்தான். குளித்துவிட்டு வந்தாள், பயத்தம் மாவு தேய்த்தாள், சோப்பை மாற்றினாள். டப்பாப் பால் கலந்து கொடுத்தாள், துப்பினான். பிள்ளை பட்டினி கிடந்து செத்துவிடுவானோ என்று பயந்தாள். தூக்கிக்கொண்டு செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

நர்ஸ் அவனை எடைமெஷினில் போட்டுவிட்டுச் சிரித்தாள். "தூத் பராபர் பீ ரஹா ஹை. டென்ஷன் க்யூ லேதி ஹோ?"

எடை கூடியிருந்தது. நிறையக் கூடியிருந்தது. பால் நன்றாகக் குடிக்கிறானாம், இவள் ஏன் பயப்படுகிறாளாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் மடியில் கனத்தான். தொடை மடிப்புகள் புதுசாகப் பிதுங்கி நின்றன. ஒரு கொட்டாவி விட்டான். அந்த மூச்சு அவள் முகத்தில் பட்டது. கக்கின பால், அதற்கடியில் பழைய டீசல், சேறு. விரலை அவன் வாய்க்குள் விட்டு நாக்கை வழித்தாள். மஞ்சளும் சாம்பலுமாகத் தடித்த ஆடை விரலோடு வந்தது, அதில் எண்ணெயின் வானவில் மினுமினுத்தது. ஷர்மிளா பஸ் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். பெற்ற பிள்ளையின் வாய் அவளுக்குக் குமட்டியது. அதற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது, ஆனாலும் குமட்டல் நிற்கவில்லை.

"நமக்கு இந்தப் படகு வேண்டாங்க," என்றாள் ஜெயகணேஷிடம்.

"வேண்டாம்னா? கோலியத் தரைமட்டமாக்கிட்டான். இவனத் தூக்கிட்டு எந்த ரோட்டுல நிக்கணுங்குற?"

"பிள்ள எதையோ குடிக்கான். கீழ இருந்து."

அவன் அவளையே பார்த்தான். திட்டவில்லை. டார்ச்சை எடுத்துப் பலகைகளைத் தூக்கி அவள் கண்முன்னால் பில்ஜ் முழுக்க வெளிச்சம் அடித்துக் காட்டினான். கறுப்புத் தண்ணீர், விலா விலாவாகக் கட்டைகள், வேறொன்றும் இல்லை. "நீ சரியாத் தூங்கல, ஷர்மி," என்றான் மெதுவாக. முன்மூக்குப் பக்கம் மட்டும் டார்ச் எட்டவில்லை. அவள் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அவன் உள்ளே தவழ்ந்து போய்ப் பார்ப்பான் என்று பயமாக இருந்தது. அன்றிலிருந்து கிருஷ்ணாவை இடுப்பை விட்டு இறக்கவில்லை. அவன் நாள் முழுக்க நெளிந்தான், தரையைப் பார்த்துக் கையை நீட்டினான், கேவினான். பூசினாற்போல் இருந்த கன்னம் மெல்ல வாடியது. பசிக்கட்டும், பசித்தால் என்னிடம் வருவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கடல் பெரிதாக ஏறும் நாளில் படகை மிதக்க விடுவது என்று ஏற்பாடு. பிற்பகல், முதல் மழை. வானமும் சேறும் ஒரே நிறமாகிவிட்டன. தண்ணீர் மாங்குரோவ் செடிகளுக்கு நடுவே சத்தமில்லாமல் ஊர்ந்து வந்து, படகைச் சுற்றி வளைத்து, மேலே ஏறத் தொடங்கியது. உள்ளறையில் புழுக்கம், மண்ணெண்ணெய் வாடை, புதுப் பெயின்ட், எல்லாவற்றுக்கும் கீழே அந்தப் புளிப்பு. கிருஷ்ணா அவள் தோளில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, எதையோ கேட்கிறவன் போல அசையாமல் இருந்தான்.

"ஷர்மி! கயித்தப் பிடி! சாயுது, சீக்கிரம் வா!"

பிள்ளையோடு வழுக்குகிற மேல்தளத்தில் ஏற முடியாது. தரையிலும் விட மாட்டாள். நடு உத்திரத்தில் சேலையால் தூளி கட்டியிருந்தாள். அதில் அவனைப் போட்டு, இரண்டு ஓரத்தையும் சேர்த்து மேலே இறுக முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். இன்னொரு முடிச்சு போட்டாள். "அம்மா இந்தா வந்துட்டேன்," என்றாள்.

மழை முகத்தில் அறைந்தது. கயிறு கையை அறுத்தது. ஜெயகணேஷ் பின்பக்கம் கழியை ஊன்றித் தள்ளினான். படகு கிறீச்சிட்டது. சேறு அதை விட மனசில்லாமல் இழுத்து, கடைசியில் ஒரு நீண்ட ஈர முத்தச் சத்தத்தோடு விட்டது. படகு நிமிர்ந்தது.

அவள் மார் இரண்டும் ஒன்றாகச் சுரந்தன. சூடாக. மழையிலும் தெரிந்தது.

கயிற்றைக் கட்டையில் சுற்றிவிட்டுக் கீழே பாய்ந்தாள்.

தூளி தொங்கியது. நீளமாக, தரை வரைக்கும். கிழியவில்லை. முடிச்சுகள் அவிழ்ந்திருந்தன. முடிச்சு இருந்த இடம் கொழகொழவென்று நனைந்து, மென்ற மாதிரிச் சுருங்கியிருந்தது.

ஒரு தரைப்பலகை விலகிக் கிடந்தது.

"கிருஷ்ணா."

இழு. இழு. நிறுத்து. விழுங்கு.

முன்மூக்குப் பக்கம். அவள் தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்கால், தொடை. இவ்வளவு தண்ணீர் முன்பு இருந்ததில்லை. இளஞ்சூடாக இருந்தது. பில்ஜ் தண்ணீர் ஏன் சூடாக இருக்கிறது? தவழ்ந்தாள். முதுகு மேல்பலகையில் உரசியது. கையில் பட்ட கட்டைகள் வழவழத்தன, அமுங்கின. மரம் அமுங்காது. போன் வெளிச்சத்தை நீட்டினாள்.

சந்தில் மேயும் பெண்பன்றிக்கு அடிவயிற்றில் இருக்குமே, அப்படி. படகின் உட்பக்கப் பலகைகளில் இரண்டு வரிசையாகக் காம்புகள். சாம்பல் நிறம். தடித்து, மயிர் முளைத்து, ஒவ்வொன்றின் நுனியிலும் மஞ்சளாக ஒரு சொட்டு திரண்டு, விழுந்து, மறுபடி திரண்டது.

கிருஷ்ணா நெஞ்சளவு தண்ணீரில் பலகையோடு ஒட்டிப் படுத்திருந்தான். வாய் நிறைய. ஒரு கையால் மரத்தைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான், முன்பெல்லாம் அவள் மாரைத் தட்டிக் கொடுப்பது போலவே. கடைவாயில் வழிந்தது.

அவள் அவனைப் பற்றி இழுத்தாள். காம்பு நீண்டது. முழ நீளம் நீண்டது. விடவில்லை. இன்னும் இழுத்தாள். தலை மட்டும் வந்தது. வயிறு வரவில்லை. அவனுக்கும் பலகைக்கும் நடுவே விரலைக் கொடுத்துப் பிரிக்கப் பார்த்தாள். இடுக்கைத் தேடினாள். தொப்புள் பக்கம், விலாப் பக்கம், தொடைப் பக்கம். விரல் ஒரே வழவழப்பில் ஓடியது. பிள்ளையின் தோல் எங்கே முடிகிறது, படகு எங்கே ஆரம்பிக்கிறது. இடுக்கே இல்லை.

மேலே தளத்தில் ஜெயகணேஷின் கால்கள் குதித்தன. "மெதக்குதுட்டி! பாத்தியா? ஒரு சொட்டு தண்ணி உள்ள வரல! மெதக்குது!"

படகு ஆடியது. மெதுவாக, ஒரே சீராக.

"கண்ணு," என்றாள். "அம்மாடா. அம்மா."

கிருஷ்ணா கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான். அவளை மோந்தான். மூக்கைச் சுளித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மறுபடி குடிக்கத் தொடங்கினான்.